ஷட்டர் ஸ்பிரிங் உடைந்தால் என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், பொள்ளாச்சி என்று கொங்கு நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் கடை, குடோன், பனியன் கம்பெனி, கார் ஷெட் எல்லாவற்றின் முகப்பிலும் ரோலிங் ஷட்டர்தான். தினமும் ஏற்றி இறக்குகிறோம், ஆனால் மேலே பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைப் பற்றி அது உடையும் வரை யாரும் நினைப்பதில்லை. உடைந்த பிறகு செய்யும் அவசர வேலைகளில்தான் கை போகிறது, விரல் போகிறது. அதைத் தவிர்க்கத்தான் இந்தப் பக்கம். புதிய வில்லாக்களில் வரும், பலகை பலகையாக மேலே மடங்கிப் போகும் கராஜ் கதவைப் பற்றியும் பின்னால் சொல்லியிருக்கிறேன்.

இப்போதே உடைந்து நின்று அவசரமாகப் படிப்பவர்களுக்கு: கதவு கீழே இருந்தால் கீழேயே விடுங்கள். மேலே நின்றால் அடியில் யாரையும் போகவிடாதீர்கள். மோட்டார் இருந்தால் அதற்குப் போகும் மின்சாரத்தை நிறுத்துங்கள். மற்றதைப் பொறுமையாகப் படிக்கலாம்.

ராத்திரி "டமார்" என்று ஒரு சத்தம். காலையில் ஷட்டரைத் தூக்கினால் அசையவே மாட்டேன் என்கிறதுங்க. ஸ்பிரிங்தானா?

பெரும்பாலும் அதுதான். ஷட்டர் முழுக்க இறங்கியிருக்கும்போதுதான் ஸ்பிரிங் உச்ச முறுக்கில் இருக்கும். அதனால் கடையைப் பூட்டிவிட்டுப் போன பிறகு, யாரும் தொடாத நேரத்தில் உடைவது சகஜம். பட்டாசு வெடித்தது என்றோ, திருடன் வந்துவிட்டான் என்றோ பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்து வருவார்கள்.

வேறு அறிகுறிகளும் உண்டு. ஷட்டர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் தொங்கும். பாதி ஏற்றி விட்டால் நிற்காமல் இறங்கும். மேலே பெட்டிக்குள் கம்பி உருளும் சத்தம் கேட்கும். கொக்கிக் கம்பியால் இழுத்து இறக்க வேண்டிய ஷட்டர் தானாகவே வேகமாக வந்து தரையில் மோதும்.

முடிவு கட்டுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். இரண்டு பக்கப் பூட்டும் நிஜமாகவே திறந்திருக்கிறதா? சேனலில், அதாவது ஷட்டர் ஏறி இறங்கும் பக்கவாட்டு இரும்புக் காடியில், கல்லோ ஆணியோ மாட்டியிருக்கிறதா? லாரி பின்னால் வந்து இடித்ததில் சேனல் நெளிந்திருக்கிறதா? இவை எதுவும் இல்லை, இருந்தும் பாறையைத் தூக்குவது போல இருக்கிறது என்றால் மேற்கொண்டு தூக்க வேண்டாம்.

ஒரு ஸ்பிரிங்கில் அப்படி என்ன இருக்கிறது?

ஷட்டரின் எடை முழுவதும் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்தடி அகலம், எட்டடி உயரம் என்பது நம் ஊர்க் கடைகளில் சாதாரண அளவு. 1.25 மி.மீ. தகடு என்றால் வெறும் தகடாகவே எழுபது கிலோவுக்கு மேல் வரும். பட்டைகள் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும் சுருட்டல், அடித்தகடு, பூட்டு எல்லாம் சேர்ந்தால் நூறு கிலோவை நெருங்கிவிடும். அதை டீக்கடைக்கார அம்மா அதிகாலையில் ஒற்றைக் கையால் ஏற்றுகிறார் என்றால், தராசின் மறுதட்டில் எடைக்கல் வைத்த மாதிரி ஸ்பிரிங் அந்தச் சுமையை ஏந்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

உள்ளே இருப்பது இதுதான்: பெட்டிக்குள் குறுக்கே ஒரு பைப், அதன்மேல் வரிசையாக ஸ்பிரிங் டப்பாக்கள். ஸ்பிரிங்கின் ஒரு முனை பைப்பில், மறுமுனை டப்பாவில். ஷட்டரை இறக்கும்போது டப்பா சுழன்று ஸ்பிரிங் முறுக்கேறும். ஏற்றும்போது அந்த முறுக்குதான் கைக்கு உதவி செய்யும். அகலத்தைப் பொறுத்து இரண்டு, மூன்று, நான்கு ஸ்பிரிங்குகள் இருக்கும். இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்விக்கு அதுதான் பதில்.

ஷட்டர் கொஞ்ச நாளாகக் கனமாக இருக்கிறது. ஆனால் இரண்டு பேர் சேர்ந்தால் ஏற்ற முடிகிறது. தீபாவளி ஆர்டர் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாங்க. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பல ஸ்பிரிங் உள்ள ஷட்டர் ஒரே நாளில் படுத்துவிடுவதில்லை. முதலில் ஒன்று உடையும். கனம் கொஞ்சம் கூடும். பழகிவிடும். அதுவரை நான்கு பேர் சுமந்ததை மீதி மூன்று ஸ்பிரிங் சுமக்கும். அவையும் அதே வயது, அதே கம்பி, அதே துரு. அடுத்தது உடையும்போது ஷட்டர் யாருடைய தலைக்கு மேல் நிற்கிறது என்பதுதான் கேள்வி. கனம் கூடியது என்பதே எச்சரிக்கை. வேறு எச்சரிக்கை வருவதில்லை.

திருப்பூரில் காதர்பேட்டை போன்ற நெருக்கமான கடை வீதிகளிலும், கட்டிங், பேக்கிங் நடக்கும் சின்ன யூனிட்டுகளிலும் ஷட்டர் பாதி ஏற்றி வைத்தபடியே ஆட்கள் குனிந்து போய் வருவதைப் பார்க்கலாம். ஒன்று மழைச்சாரல் அடிக்கும், இல்லை வெயில் தாங்காது. ஸ்பிரிங் பலவீனமான ஷட்டரைப் பாதியில் நிறுத்துவதுதான் மிகவும் ஆபத்து. பாதியில்தான் ஆட்கள் தலையை நுழைக்கிறார்கள். முதலில் முழுக்க இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அரை நாள் வியாபாரம் போனால் போகட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடைந்த ஷட்டரைத் தூக்க எப்போதும் கடையின் கடைக்குட்டிப் பையனைத்தான் கூப்பிடுகிறார்கள். "தம்பி, நல்லா ஏத்துப்பா" என்பார்கள். முதுகு பிடித்தால் அவனுக்கு, விரல் நசுங்கினால் அவனுக்கு. இது சரியில்லை. முதலாளி தானே தூக்கத் தயாராக இல்லாத சுமையை வேலைக்கு வந்த பிள்ளையிடம் கொடுக்கக்கூடாது.

மேலே நிற்கும்போதே உடைந்துவிட்டது. இறக்கலாமா?

இழுத்து இறக்க முயலாதீர்கள். கையில் நிற்காது, முழு எடையோடு விழும். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுங்கள். சென்ட்ரிங் வேலைக்கு வைக்கும் இரும்பு ஜாக்கி கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் உயரத்துக்குச் சரியாக வெட்டிய கனமான சவுக்கு மரம். அடித்தகட்டுக்கு அடியில், சேனலை ஒட்டி, நேர்க்குத்தாக நிற்க வேண்டும். முட்டு வைப்பவர் பக்கவாட்டில் நின்று வைக்க வேண்டும், அடியில் நின்று அல்ல. ஸ்டூல், அட்டைப்பெட்டி, கேஸ் சிலிண்டர் இதையெல்லாம் முட்டாக நினைக்காதீர்கள். அப்புறம் வாசலுக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டி, பழக்கத்தில் நுழையும் வாடிக்கையாளர்களை நிறுத்துங்கள்.

உள்ளே கார் நிற்கிறது, கல்யாணத்துக்குப் போக வேண்டும். எப்படியாவது எடுக்க முடியாதா?

வாடகைக் கார் பிடித்துப் போய் வாருங்கள்.

உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால்?

அது வேறு விஷயம். பின்வாசல் இருந்தால் அந்த வழி. இல்லையென்றால் நான்கு பெரியவர்கள் வரிசையாக நின்று, கைப்பிடியையும் அடித்தகட்டையும் மட்டும் பிடித்து, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி ஒரே நேரத்தில் தூக்குங்கள். பட்டைகளுக்கு இடையில் விரலை நுழைக்கவே கூடாது. அவை ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்போது விரலை நறுக்கிவிடும். ஆள் தவழ்ந்து வரும் உயரம் வந்ததும் ஐந்தாவது ஆள் இருபுறமும் முட்டு வைக்க வேண்டும், அதன் பிறகே வெளியே வரச் சொல்ல வேண்டும். புகை, தீ என்றால் தயங்காமல் 101.

ஒற்றை ஷட்டரைத் தவிர வெளியே வர வழியே இல்லாத கடைகள் நம் ஊர்களில் நிறைய. அதிலேயே குடியிருப்பவர்களும் உண்டு. அப்படி இருந்தால் பின்பக்கமாக ஒரு சின்னக் கதவு வைப்பதை இந்த வருடச் செலவில் சேர்த்துவிடுங்கள். ராத்திரி ஸ்பிரிங் உடைந்தால் அந்த ஷட்டர் உள்ளே இருக்கும் ஒற்றை ஆளுக்கு ஒரு சுவர்.

வீடியோ பார்த்தேன், சுலபமாகத்தான் இருக்கிறது. நானே மாற்றலாமா? வீட்டில் ஸ்பேனர் செட் இருக்கிறது.

கொங்கு நாட்டில் இந்தக் கேள்வி அதிகம் வருவதில் வியப்பில்லை. தெருவுக்குத் தெரு பட்டறை. லேத்தும் மோட்டாரும் கிரைண்டரும் தெரிந்த கைகள். அந்தத் தைரியமே இங்கே எதிரியாகிவிடுகிறது.

பைப்பை இரண்டு பக்க பிராக்கெட்டிலும் யு கிளாம்ப் (U வடிவ இரும்புப் பிடி) போட்டு இறுக்கியிருப்பார்கள். ஸ்பிரிங்குகளின் முறுக்கு பைப்பைச் சுழற்றிவிடாமல் தடுப்பது அந்த நான்கு நட்டுகள்தான். ஒன்று உடைந்துவிட்டதே, முறுக்கு போயிருக்கும் என்று நினைப்பது முதல் தவறு. ஷட்டர் கீழே இருக்கும்போது மற்ற ஸ்பிரிங்குகள் உச்ச முறுக்கில் இருக்கின்றன. ஷட்டரை மேலே சுருட்டிவிட்டால் முறுக்கு தீர்ந்துவிடும் என்பது இரண்டாவது தவறு. மாட்டும்போதே ஆரம்ப முறுக்கு கொடுத்துத்தான் மாட்டுவார்கள். அது இல்லாவிட்டால் ஏற்றிய ஷட்டர் கடைசி அடிவரை போய் மேலே நிற்காது. நட்டைத் தளர்த்திய நொடியில் பைப் சுழலும். அதில் பைப் ரெஞ்ச் மாட்டியிருந்தால் அதன் கைப்பிடியும் சேர்ந்து சுழலும். அப்போது நீங்கள் ஏணியில் நிற்கிறீர்கள், முகம் பைப்புக்கு ஓரடி தூரத்தில். மணிக்கட்டு, தாடை, கண், இவற்றில் ஒன்றில் படும். ஏணியிலிருந்து விழுவது தனி.

தெரிந்தவர்கள் நிதானமாகச் செய்கிறார்கள். ஒருவர் நீளமான ரெஞ்சால் முறுக்கைத் தாங்குவார், இன்னொருவர் நட்டைத் தளர்த்துவார். முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிய பிறகே ஸ்பிரிங்கில் கை வைப்பார்கள். இந்த ஒத்திசைவு வீடியோவில் வருவதில்லை. ஷட்டரைத் துடைக்கலாம், எண்ணெய் விடலாம், பெயின்ட் அடிக்கலாம். யு கிளாம்ப், ஸ்பிரிங் டப்பா, பைப் மூன்றையும் விட்டுவிடுங்கள்.

ஷட்டர்காரர் வந்துவிட்டார். நான் கவனிக்க வேண்டியது ஏதாவது?

ஒருவர் மட்டும் வந்தால் இன்னொருவரையும் கூட்டி வரச் சொல்லுங்கள். ஒற்றை ஆள் வேலை இல்லை இது. சாய்த்து வைக்கும் ஏணியைவிட சாரமோ, கால் விரித்து நிற்கும் ஏணியோ நல்லது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனாலும் சொல்லுங்கள்.

பலர் மறப்பது மின்சாரம். கடையின் பெயர்ப் பலகை விளக்குக்குப் போகும் வயர் பெரும்பாலும் ஷட்டர் பெட்டியை உரசியோ, அதற்குள்ளேயோதான் ஓடும். எலி கடித்திருக்கலாம், பட்டை உரசி உறை கிழிந்திருக்கலாம். பெட்டியைத் திறக்கும் முன் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே இரும்பைத் தொட வேண்டும். மழைக்காலத்தில் ஷட்டரைத் தொட்டாலே சுருக்கென்றால் அது ஸ்பிரிங் கோளாறு இல்லை, எலக்ட்ரீஷியனை உடனே கூப்பிட வேண்டிய கோளாறு.

வேலை நடக்கும்போது குழந்தைகளையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் தள்ளி நிறுத்துவது உங்கள் பொறுப்பு. அவசரப்படுத்தாதீர்கள். "பத்து மணிக்குக் கடை திறக்கணும்" என்று கீழே நின்று சொல்லிக்கொண்டே இருந்தால், மேலே இருப்பவர் ஒரு படியைத் தாண்டுவார்.

உடைந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா? வெல்டிங் வைத்தால்?

வெல்டிங் கூடவே கூடாது. ஸ்பிரிங் கம்பியின் பலமே அதைப் பதப்படுத்திய விதத்தில் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும், ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும். உடைந்த முனையை வளைத்துக் கொக்கியாக்கி மாட்டுவது இன்னொரு பழக்கம். அன்றைக்குக் கடை திறக்க உதவலாம். ஆனால் சுற்று குறைந்ததால் ஸ்பிரிங் விறைப்பாகும், களைத்துப்போன கம்பி அப்படியேதான் இருக்கும். ஒரு வாரத்துக்குள் புதிது போட்டுவிடுங்கள்.

எல்லா ஸ்பிரிங்கும் ஒரே நாளில் போட்டது என்றால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதே புத்திசாலித்தனம். ஷட்டரைக் கழற்றி மாட்டும் கூலிதான் பெரிது. பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்த ஸ்பிரிங் மலிவு என்று வாங்க வேண்டாம், அது எத்தனை ஆயிரம் முறை முறுக்கியது என்று யாருக்குத் தெரியும்? ரோலிங் ஷட்டருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 6248. ஸ்பிரிங் எஃகுக் கம்பிக்கு ஐ.எஸ். 4454. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலிலேயே 27.5 செ.மீ. நீளமுள்ள, ஐ.எஸ். 4454 பாகம் 1-க்கு உட்பட்ட கம்பி ஸ்பிரிங் போட வேண்டும் என்று இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். கம்பியின் கனமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு பக்கம் தடித்த ஸ்பிரிங், மறுபக்கம் மெல்லியது என்று கலந்தால் ஷட்டர் கோணலாக ஏறி சேனலைத் தின்னும்.

பெரிய குடோன் ஷட்டருக்கு ஸ்பிரிங்கே போதுமா?

பத்து சதுர மீட்டரைத் தாண்டும் ஷட்டருக்குச் செயின் அல்லது கிராங்க் கியர் ஏற்பாட்டை (சங்கிலியை இழுத்தோ கைப்பிடியைச் சுழற்றியோ ஏற்றுவது) அதே விலைப்பட்டியல் தனி வேலையாகவே குறிக்கிறது. பன்னிரண்டடி அகலம், ஒன்பதடி உயரம் என்றாலே அந்த எல்லை வந்துவிடும். ஈரோட்டு மஞ்சள் குடோன்களில் லாரி நுழையும் வாசல்கள் பல இதைவிடப் பெரியவை. அவற்றைக் கையால் தள்ளும் ஸ்பிரிங் ஷட்டராகப் போட்டு, ஸ்பிரிங் அடிக்கடி உடைகிறது என்று வருந்துவதில் பயனில்லை. கியருக்கு மாறுங்கள்.

மோட்டார் ஷட்டரில் பட்டனை அழுத்தினால் ஏறத்தானே செய்கிறது?

ஒரு பக்க ஓரத்தில் மோட்டார் வைத்த சைடு மோட்டார் ஷட்டரில் பொதுவாக மோட்டாரே சுமையைத் தாங்கும். நடுவில் பைப்பில் உட்காரும் மோட்டாருக்கு ஸ்பிரிங் உதவி வேண்டும். ஸ்பிரிங் உடைந்த பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடாகிக் கருகும், இல்லையென்றால் கியர் பல் தேயும். ஏறும்போது மோட்டார் முனகினாலோ, இடையில் நின்றாலோ அத்தோடு நிறுத்துங்கள்.

எங்கள் வில்லாவில் பலகை பலகையாக மேலே போகும் கராஜ் கதவு. அதற்கும் இதேதானா?

அடிப்படை ஒன்றுதான், ஆபத்து இன்னும் கூடுதல். சரவணம்பட்டி, வடவள்ளி பக்கம் புதிய வீடுகளில் இவை வர ஆரம்பித்துள்ளன, பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு. கதவுக்கு மேலே ஒரு தண்டில் முறுக்கு ஸ்பிரிங் இருக்கும். உடைந்தால் சுருளுக்கு நடுவில் இரண்டு அங்குல இடைவெளி கண்ணுக்கே தெரியும். ஏழடிக் கதவுக்கு இந்த ஸ்பிரிங்கைச் சுமார் ஏழரைச் சுற்று முறுக்கியிருப்பார்கள். கால் கால் சுற்றாக முப்பது முறை. அதற்கென்று செய்த, துளைக்குச் சரியான அளவுள்ள இரண்டு இரும்புக் கம்பிகளால் மட்டும்தான் முறுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை நுழைத்தால் அது வழுக்கிப் பறக்கும்.

மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிறு கதவை மோட்டாரிலிருந்து பிரிக்கும். மின்சாரம் போனால் உதவும். ஸ்பிரிங் உடைந்து கதவு மேலே நிற்கும்போது மட்டும் அதை இழுக்கவே கூடாது. கதவைப் பிடித்து வைத்திருப்பது அந்த மோட்டார் ஒன்றுதான். இழுத்தால் கதவு மொத்தமாக வந்து விழும். அதேபோல் கதவின் அடி மூலைகளில் எஃகுக் கயிறு மாட்டியிருக்கும் தகட்டின் போல்ட்டைத் தொடாதீர்கள், அந்தக் கயிற்றில் முழு இழுவை இருக்கிறது. சில கதவுகளில் இரு பக்கமும் நீளும் ஸ்பிரிங் இருக்கும். அதன் உள்ளே ஒரு பாதுகாப்புக் கம்பி ஓடுகிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் உடைந்த துண்டு காரையோ ஆளையோ தேடி வரும். அமெரிக்காவில் 1993 முதல் வீட்டுக் கராஜ் மோட்டார்கள் தடை பட்டால் திரும்பி ஏற வேண்டும் என்பது சட்டம். அந்த வசதி மோட்டாருக்குத்தான். மோட்டாரிலிருந்து பிரிந்து விழும் கதவை அது நிறுத்தாது.

ஒரு ஸ்பிரிங் எத்தனை வருடம் வரும்?

வருடத்தைவிட ஏற்றி இறக்கும் எண்ணிக்கைதான் கணக்கு. கராஜ் கதவின் சாதாரண ஸ்பிரிங்குக்கு 10,000 முறை என்பது வழக்கமான அளவு. ஒரு நாளைக்கு நான்கு முறை என்றால் ஏழு வருடத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு முறை என்றால் பதின்மூன்று வருடத்தைத் தாண்டலாம். கடை ஷட்டருக்கும் இதே தர்க்கம்தான்.

இடமும் ஆயுளைக் குறைக்கும். சாயப்பட்டறையின் ஈரமும் ரசாயன ஆவியும் கம்பியில் துருப் புள்ளி வைக்கும், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். நூற்பாலைப் பஞ்சும் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார்த் தூசும் பெட்டிக்குள் அடைந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆடிக் காற்றையும் மறக்கக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று பல்லடம், உடுமலை பக்கம் அகலமான ஷட்டரை வில்லாக வளைத்துச் சேனலோடு அழுத்தும். அப்போது கனமாக இருப்பதற்கு ஸ்பிரிங் காரணமாக இருக்காது. காற்று தணிந்த நேரத்தில் ஏற்றிப் பாருங்கள். அப்போதும் கனம் என்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.

யாருக்காவது அடிபட்டுவிட்டால்?

108. ஷட்டருக்கு அடியில் மாட்டியவரை இழுக்காதீர்கள், ஷட்டரைத்தான் தூக்க வேண்டும். கார் ஜாக்கியை அடித்தகட்டுக்கு அடியில் கொடுத்து ஏற்றலாம், ஏற ஏற மரக்கட்டையைச் செருகிக்கொண்டே வாருங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மஞ்சள் தூள், காபித் தூள் போட வேண்டாம். கண்ணில் ஏதாவது குத்தியிருந்தால் பிடுங்கவோ தேய்க்கவோ கூடாது, அழுத்தாமல் மூடி நேராக மருத்துவமனைக்கு. மார்பிலோ வயிற்றிலோ நசுங்கியவர் எழுந்து நடந்தாலும் நம்பாதீர்கள், கட்டாயம் காட்டுங்கள்.

வாடகைக் கடை. செலவு யாருடையது?

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதன்படி. எழுதவில்லை என்றால் அட்வான்ஸில் கழித்துக்கொள்வதா, பாதிப் பாதியா என்று உட்கார்ந்து பேசுங்கள். பேசி முடியும் வரை உடைந்த ஷட்டரை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க வேண்டாம். சம்பந்தப்பட்ட இருவரில் யாராவது முதலில் சரி செய்துவிடட்டும், கணக்கை அப்புறம் பார்க்கலாம்.

நானே செய்யக்கூடிய பராமரிப்பு?

மாதம் ஒரு முறை சேனலை உலர்ந்த துணியால் துடையுங்கள். சேனலில் கெட்டி கிரீஸ் அப்ப வேண்டாம், பஞ்சும் மண்ணும் ஒட்டிக் களியாகிவிடும். ஸ்பிரிங்குக்கு மெல்லிய எண்ணெய் விடுவதை வருடத்துக்கு ஒரு முறை ஷட்டர்காரரிடம் சொல்லிச் செய்யுங்கள். ஷட்டர் நன்றாக இருக்கும் நாளில் இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, பக்கவாட்டில் நின்று, கையை மெதுவாகத் தளர்த்துங்கள். அங்கேயே நின்றால் சமநிலை சரி. இறங்க ஆரம்பித்தால் கையோடு பிடித்து மெதுவாகத் தரையில் விட்டு, அன்றைக்கே போன் செய்யுங்கள்.